பூட்டிய பூங்காவும் சாய்த்த இருக்கையும்

“நம்ம ஜனங்களுக்கு எதைக் கட்டிக் கொடுத்தாலும் ஒரு மாசம் தாங்காது சார்.” தமிழ்நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் இதைக் கேட்கலாம். நகராட்சிப் பொறியாளர் சொல்வார், குடியிருப்போர் நலச்சங்கத் தலைவர் சொல்வார், காலை நடையை முடித்துவிட்டு டீக்கடை வாசலில் நிற்கும் ஓய்வுபெற்ற வாத்தியார் சொல்வார். பக்கத்தில் நிற்பவர் தலையாட்டுவார். இதை யாராவது மறுத்துப் பேசி நான் அதிகம் கேட்டதில்லை.

அலுப்பில் வரும் பேச்சு என்றால் விட்டுவிடலாம். ஆனால் நம் ஊர்ப் பொது இடங்கள் இந்தப் பேச்சை நம்பித்தான் வடிவமைக்கப்படுகின்றன. பூங்கா என்றால் வரைபடத்தில் முதலில் விழும் கோடு சுற்றுச்சுவர். மரம் எங்கே நிற்கும் என்பது பிறகு. பேருந்து நிறுத்தத்தில் இருக்கை இருக்கும், அதில் உட்கார முடியாது. கழிப்பறை இருக்கும், சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரியாது. மேம்பாலத்துக்கு அடியில் யாரும் படுத்துவிடக் கூடாது என்று கூரான கற்களை நட்டுச் சிமெண்டு பூசுகிறார்கள். மக்கள் வந்தால் கெட்டுவிடும், ஆகவே அவர்கள் வராதபடி கட்டு என்பதுதான் எழுதப்படாத விதி.

இந்த விதி தவறு என்பதோடு, நடந்ததையே தலைகீழாகச் சொல்கிறது என்பது என் வாதம். பொது இடங்கள் மக்கள் புழங்குவதால் கெடுவதில்லை. புழங்க விடாததாலும், திறப்பு விழாவோடு கைகழுவி விடுவதாலும் கெடுகின்றன. கெட்ட பிறகு பழி மட்டும் மக்கள் தலையில் விழுகிறது. அந்தப் பழியைக் காட்டி அடுத்த வேலி போடப்படுகிறது.

முதலில் ஒரு பயணியர் நிழற்குடையைக் கிட்டத்தில் நின்று பார்ப்போம். மூன்று எவர்சில்வர் குழாய்களை வரிசையாகப் பற்றவைத்தால் அது இருக்கை. முன்பக்கம் கொஞ்சம் தாழ்வாகச் சாய்ந்திருக்கும். உட்கார்ந்தால் உடம்பு வழுக்கிக்கொண்டே இருக்கும். கால்களை ஊன்றிக்கொண்டால்தான் நிற்கும். இடையிடையே கைப்பிடி என்ற பெயரில் இரும்பு வளையங்கள். சித்திரை வெயிலில் அந்தக் குழாயில் கை வைக்க முடியாது. கூரை உயரத்தில் இருப்பதால் மூன்று மணிக்கு மேல் வெயில் சாய்வாக உள்ளே வந்துவிடும். நிழல் பின்னால் எங்கேயோ விழுந்து கிடக்கும். முதுகுப் பக்கம் காற்று வர வேண்டிய இடத்தில் நகைக்கடை விளம்பரம். கட்டைப்பையும் குழந்தையுமாக வரும் பெண் அந்த இருக்கையை ஒரு தடவை பார்த்துவிட்டு, பக்கத்துக் கடையின் படிக்கட்டில் போய் உட்கார்கிறார். 2021-ல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்த பிறகு, சாதாரணக் கட்டணப் பேருந்துக்காகக் காத்து நிற்பவர்களில் பெண்களே அதிகம் என்பதைக் கண்ணால் பார்க்கிறோம். பயணத்துக்கான பணத்தை அரசு கொடுக்கிறது. அரை மணி நேரம் உட்கார இடம் கொடுக்க இந்தக் குழாய்களுக்கு மனம் வரவில்லை.

இந்தச் சாய்வைக் குழாயைப் பற்றவைத்தவர் தவறாகச் செய்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். யாரும் படுக்கக் கூடாது, நெடுநேரம் உட்காரக் கூடாது என்ற முடிவோடு வரையப்பட்டது அது. உலகம் முழுக்க இப்படி ஒரு வடிவமைப்புப் பள்ளியே இருக்கிறது. லண்டனில் கேம்டன் நகராட்சிக்காக 2012-ல் ஒரு கான்கிரீட் இருக்கை செய்தார்கள். படுக்க முடியாது, சறுக்குப்பலகை ஓட்ட முடியாது, அடியில் எதையும் ஒளித்து வைக்க முடியாது. என்னென்ன செய்ய முடியாது என்பதே அதன் பெருமை. அதே நகரில் 2014-ல் ஒரு குடியிருப்பு வாசலில், வீடற்றவர்கள் படுக்காமலிருக்க இரும்பு முட்களைப் பதித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் பிடுங்கினார்கள். மும்பை ஃபோர்ட் பகுதியில் ஒரு வங்கிக் கிளை 2018-ல் இதையே செய்தது. அங்கும் ஜனங்கள் கேள்வி கேட்டதும் முட்கள் போயின. முள் என்றால் நமக்குக் கோபம் வருகிறது. சாய்ந்த குழாயும் அதே வேலையைத்தான் செய்கிறது. பளபளப்பாக இருப்பதால் கோபம் வருவதில்லை.

அடுத்தது பூங்கா. காலை பத்து மணிக்குப் பூட்டி மாலை நான்கு மணிக்குத் திறக்கும் பூங்காக்கள் நம் ஊர்களில் ஏராளம். வாசலில் பெரிய பலகை: புல்லில் நடக்காதே, பூப்பறிக்காதே, பந்து விளையாடாதே, படுக்காதே, உணவு கொண்டு வராதே. நான் அடிக்கடி கடந்து போகும் ஒரு பூங்காவின் பின்பக்க வேலியில் இரண்டு கம்பிகள் வளைந்திருக்கின்றன. பத்து வயதுப் பையன் பக்கவாட்டில் நுழையும் அளவுக்கு இடைவெளி. கம்பியின் பெயிண்ட் அந்த இடத்தில் மட்டும் தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டது. அத்தனை சட்டைகள் அதில் உரசியிருக்கின்றன. அதிகாரியின் குறிப்பேட்டில் இது சேதம் என்று பதிவாகும். எனக்கு அது ஒரு மனுவாகத் தெரிகிறது. மதியம் திறந்து வையுங்கள் என்று அந்தப் பையன்கள் வேறு எந்த மொழியில் கேட்பார்கள்?

அந்த ஆறு மணி நேரத்தில் பூங்கா யாருக்கு வேண்டும் என்று பார்த்தால் விஷயம் விளங்கும். இரண்டு வீட்டு வேலைகளுக்கு நடுவே ஒரு மணி நேரம் கிடைக்கும் பெண்கள், இரவுப் பணி முடித்த காவலாளி, ஆர்டருக்காகக் காத்திருக்கும் டெலிவரி இளைஞர், வீட்டில் மேசை இல்லாமல் டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிப்பவர், ஊரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்து பரிசோதனை முடிவுக்காக மாலைவரை காத்திருக்கும் குடும்பம். திறந்திருக்கும் நேரம் யாருக்குத் தோதானது? அலுவலகம் போகும் முன் நடக்கிறவர்களுக்கும், வந்த பிறகு குழந்தையை அழைத்து வருகிறவர்களுக்கும். அவர்களும் வரட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் வெயிலில் போக்கிடம் இல்லாதவர்களுக்கு நேராகக் கதவைச் சாத்திவிட்டு இதற்குப் பராமரிப்பு என்று பெயர் வைக்கக் கூடாது. 2025-ல் சென்னை மாநகராட்சி அண்ணா நகரில் டெலிவரித் தொழிலாளர்களுக்குக் குளிரூட்டிய ஓய்வறை திறந்தது. நல்ல காரியம், மனதாரப் பாராட்டுகிறேன். அதே தொழிலாளிக்கு மற்ற தெருக்களில் ஒரு மரத்தடியும் ஒரு பெஞ்சும் கிடைத்தால் ஓய்வு அங்கேயே நடந்துவிடும்.

“சரி, திறந்து விட்டால் நாசமாக்க மாட்டார்களா?” என்று கேட்பார்கள். பொது இடத்தை உண்மையில் யார் நாசமாக்கினார்கள் என்பதற்கு மதராஸ் நகரமே சாட்சி. ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் 1859-ல் தொடங்கிவைத்த பீப்பிள்ஸ் பார்க், அதாவது மக்கள் பூங்கா, சென்ட்ரலுக்குப் பக்கத்தில் 116 ஏக்கர் பரப்பில் இருந்தது. குளங்கள், நிழற்சாலைகள், பேண்டு வாத்தியம் இசைக்கும் மேடை, பிறகு விலங்குக் காட்சிசாலை. அது எங்கே போனது? நிலம் விக்டோரியா பொது மண்டபத்துக்குப் போனது, 1900-ல் திறந்த மூர் மார்க்கெட்டுக்குப் போனது, 1913-ல் திறந்த ரிப்பன் கட்டடத்துக்குப் போனது, விளையாட்டரங்கத்துக்குப் போனது, ரயில்வேக்குப் போனது. எஞ்சியது மை லேடீஸ் பூங்கா போன்ற துண்டுதான். இவற்றில் சில அழகான கட்டடங்கள், சில அவசியமானவையும்கூட. ஆனால் 116 ஏக்கரில் ஒரு சதுர அடியைக்கூடப் புல்லில் படுத்துத் தூங்கியவனோ கடலை விற்றவளோ தின்னவில்லை. தின்றது நிர்வாகம். பூங்காவைக் காப்பாற்ற வேலி போட வேண்டுமென்றால் எந்தப் பக்கம் போட வேண்டியிருந்தது என்று யோசியுங்கள்.

இன்றைய கதையில் நிலம் போவதில்லை, பராமரிப்புப் பணம்தான் இல்லாமல் போகிறது. 2015-ல் தொடங்கிய ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் தமிழ்நாட்டின் 11 நகரங்கள் இருந்தன. பூங்காக்கள், நடைபாதைகள், ஏரிக்கரைகள் என்று நிறையக் கட்டினார்கள். இப்படிப்பட்ட திட்டங்களில் பணம் கட்டுவதற்கு வரும். மூன்றாம் வருடம் நீரூற்று மோட்டார் எரிந்தால், ஊஞ்சல் சங்கிலி அறுந்தால், அதற்கு உள்ளாட்சி தன் சொந்த நிதியில் தேட வேண்டும். சொத்து வரியில் சம்பளமே இழுபறியாக இருக்கும் நகராட்சிக்கு ஊஞ்சல் சங்கிலி கடைசி வரிசையில்தான் வரும். சங்கிலி அறுந்த ஊஞ்சலை இரண்டு மாதம் பார்த்த பிள்ளைகள் கம்பத்தில் ஏறி ஆடுகிறார்கள். கம்பம் வளைகிறது. “பாத்தீங்களா, நான் சொன்னேன்ல?” என்று ஒருவர் சொல்கிறார். முதலில் அறுந்தது எது, எத்தனை நாள் அப்படியே கிடந்தது என்று யாரும் கேட்பதில்லை.

மெரினாவை எடுத்துக்கொள்ளுங்கள். வாசல் கிடையாது, டிக்கெட் கிடையாது, சுற்றுச்சுவர் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மாலை அங்கே கூடும் கூட்டத்தை எந்தப் பூங்காவும் ஒரே மாலையில் பார்க்காது. “நம்ம ஜனங்க” கோட்பாடு உண்மையென்றால் அந்தக் கடற்கரை எப்போதோ ஒழிந்திருக்க வேண்டும். குப்பை இல்லை என்று நான் சொல்லவில்லை. காலையில் தூய்மைப் பணியாளர்கள் அள்ளுகிறார்கள், இயந்திரம் மணலைச் சலிக்கிறது, கடற்கரை மறுபடி கடற்கரையாகிவிடுகிறது. தினமும் பராமரித்தால் எவ்வளவு கூட்டத்தையும் ஓர் இடம் தாங்கும். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக லட்சக்கணக்கானோர் நாள்கணக்கில் அங்கேயே தங்கியபோது, இளைஞர்கள் சாக்குப்பையோடு குப்பை பொறுக்கியதையும், போக்குவரத்தைச் சரிசெய்ததையும், பெண்கள் நள்ளிரவில் பயமில்லாமல் உட்கார்ந்திருந்ததையும் ஊரே பார்த்தது. அதே ஜனங்கள்தான். இடம் தங்களுடையது என்று தோன்றிய ஒரு வாரம் அது.

அதே மெரினாவில் இன்னொன்றும் நடந்தது. சக்கர நாற்காலியில் வருபவர் மணலைத் தாண்டி அலையருகே போக முடியாது. டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் நாளையொட்டி மட்டும் தற்காலிகப் பாதை போடுவார்கள். சில நாளில் எடுத்துவிடுவார்கள். கடல் வருடம் முழுக்க இருக்கிறதே, பாதை மட்டும் ஏன் சில நாள் என்று மாற்றுத்திறனாளி உரிமை இயக்கத்தினர் விடாமல் கேட்டார்கள். 2022 நவம்பரில் மரப்பலகையால் 263 மீட்டர் நீளத்துக்கு நிரந்தரப் பாதை திறக்கப்பட்டது. ஐம்பது வயதைக் கடந்து முதன்முறையாக அலையில் கால் நனைத்தவர்கள் அழுதார்கள், சிரித்தார்கள். ஆனால் முதல் நாளிலிருந்தே ஒரு புகாரும் கிளம்பியது: மற்றவர்களும் கூட்டமாக ஏறிவிடுகிறார்கள், பாதையைக் கெடுத்துவிடுவார்கள்.

யார் அந்த மற்றவர்கள்? முழங்கால் தேய்ந்த பாட்டி, கைக்குழந்தையோடு வந்த தாய், மணலில் நடந்தால் மூச்சு வாங்கும் இதய நோயாளி. அவர்களுக்கும் அந்தப் பாதை தேவைப்பட்டிருக்கிறது, இதுவரை கேட்கத் தெரியவில்லை. நெரிசலில் சக்கர நாற்காலிக்கு முன்னுரிமை கிடைக்க வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. அதற்கு ஓர் ஆளை நிறுத்தலாம், இன்னொரு பாதை போடலாம். திரண்டு வந்த கூட்டத்தைத் தவறான பயன்பாடு என்று எழுதுவது மட்டும் கூடாது. திறந்த சில நாட்களிலேயே பாதையின் ஒரு பகுதி உடைந்ததும் உண்மை. உடைத்தது டிசம்பரில் வந்த மாண்டஸ் புயலின் அலைகள். மக்கள் ஒரு பலகையையும் பெயர்க்கவில்லை.

கழிப்பறையைப் பற்றிப் பேசாமல் இந்த வாதத்தை முடிக்க முடியாது. ஜனங்கள் மீது அதிகப் பழி விழுவது அங்கேதான். புனேவின் குடிசைப் பகுதிகளில் ஒப்பந்ததாரர்கள் கட்டிய பொதுக் கழிப்பறைகள் சில மாதங்களில் நாறிப்போகும். தண்ணீர் இருக்காது, பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது. குடிசைவாசிகளுக்குப் பயன்படுத்தத் தெரியவில்லை என்று அறிக்கை எழுதுவார்கள். 1999-ல் அந்த மாநகராட்சி வழக்கத்தை மாற்றி, கட்டும் பொறுப்பையும் பராமரிக்கும் பொறுப்பையும் தொண்டு அமைப்புகளிடமும் குடிசைப் பகுதிப் பெண்களின் மகிளா மிலன் குழுக்களிடமும் கொடுத்தது. சில ஆண்டுகளில் 400-க்கும் மேற்பட்ட கழிப்பறைத் தொகுதிகள் எழுந்தன.

அந்தப் பெண்கள் வரைபடத்தில் என்ன மாற்றினார்கள் என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல விரும்புகிறேன். ஒரே வரிசையில் நின்றால் ஆண்கள் முந்திக்கொள்கிறார்கள், ஆகவே ஆண் பெண் இருவருக்கும் தனி வாசல், தனி வரிசை. காலை அவசரத்தில் பெரியவர்கள் குழந்தைகளை வரிசையிலிருந்து தள்ளிவிடுகிறார்கள். குழந்தைகளுக்கு இருட்டும் பெரிய குழியும் பயம். அதனால்தான் வெளியே சாக்கடை ஓரம் உட்காருகிறார்கள். ஆகவே குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி, வெளிச்சத்தில், சின்னப் பீங்கானோடு, பிடித்துக்கொள்ளக் கைப்பிடியோடு. எவ்வளவு கூட்டம் வந்தாலும் குறையாத அளவுக்குப் பெரிய தண்ணீர்த் தொட்டி. பராமரிப்பவர் குடும்பத்தோடு தங்க அங்கேயே ஓர் அறை. சில இடங்களில் மாடியில் சமூகக் கூடம், கீழே சுத்தமாக இல்லாவிட்டால் மேலே கூட்டம் போட முடியாதல்லவா? குழந்தை ஏன் வெளியே உட்காருகிறது என்ற கேள்வியை அதுவரை எந்தப் பொறியாளரும் கேட்டதாகத் தெரியவில்லை. தெரியாத ஜனங்கள் என்று சொல்லப்பட்டவர்களுக்குத்தான் அந்தப் பதில் தெரிந்திருந்தது.

இதற்குப் புனே வரை போக வேண்டியதும் இல்லை. திருச்சியில் கிராமாலயா அமைப்பின் துணையோடு குடிசைப் பகுதிப் பெண்கள் சுயஉதவிக் குழுக்களாகச் சேர்ந்து, கைவிடப்பட்ட கழிப்பறைகளை 2000-களின் தொடக்கத்திலேயே தங்கள் பொறுப்பில் எடுத்தார்கள். ஆளுக்குச் சில்லறைக் காசு வசூல், கணக்கு நோட்டு, தினமும் சுத்தம் செய்ய ஆள், முறை வைத்து மேற்பார்வை. அதே சுவர், அதே ஜனங்கள். பொறுப்பும் வரவு செலவும் மட்டும் கை மாறின. நகரின் கல்மந்தை பகுதி திறந்தவெளியில் மலம் கழிப்பதை ஒழித்துப் பெயர் வாங்கியது இந்த வழியில்தான். காசு கொடுக்க முடியாதவருக்கு என்ன செய்வது என்ற கேள்வி அதில் உண்டு. கழிப்பறைச் செலவை ஏழைகளே சுமக்க வேண்டுமா என்பதும் நியாயமான கேள்வி. என் பதில், அந்தச் செலவை அரசு ஏற்க வேண்டும், அதிகாரத்தை அந்தப் பெண்களிடம் விட வேண்டும் என்பதே.

பாதுகாப்பைக் காரணம் காட்டிப் பூட்டுகிறவர்களுக்கு நியூயார்க்கின் பிரையன்ட் பூங்கா நல்ல பதில். நூலகத்துக்குப் பின்னால், தெருவை விட உயரமான மேடையில், இரும்பு வேலியும் அடர்ந்த செடிச்சுவரும் சூழ அதை 1930-களில் மாற்றி அமைத்தார்கள். நகரின் இரைச்சலிலிருந்து ஒதுங்கிய அமைதி என்பது நோக்கம். 1970-களில் அந்த ஒதுக்குப்புறம் போதைமருந்து விற்பவர்களுக்கு வசதியாகிவிட்டது. உள்ளே நடப்பது தெருவில் போகிறவர் கண்ணில் படாது. ஜனங்கள் எங்கே உட்காருகிறார்கள், எவ்வளவு நேரம் உட்காருகிறார்கள் என்று கேமரா வைத்து வருடக்கணக்கில் பதிவு செய்த வில்லியம் ஒயிட்டிடம் யோசனை கேட்டார்கள். வேலியைக் குறையுங்கள், செடிச்சுவரை எடுங்கள், வாசல்களை அதிகமாக்குங்கள், உட்கார இடம் கொடுங்கள் என்றார் அவர். 1988-ல் மூடி 1992-ல் மறுபடி திறந்தபோது பூங்காவில் சங்கிலி போடாத நாற்காலிகள் இருந்தன. வேண்டிய பக்கம் இழுத்துப் போட்டு உட்காரலாம். கூட்டம் வந்தது, போதைமருந்து விற்றவர்கள் போய்விட்டார்கள். இன்று அதைத் தனியார் நிர்வாகம் நடத்துவதும், அங்கே வணிகம் பெருகியிருப்பதும் எனக்கு உவப்பில்லை. அந்த நிர்வாக முறையை நாம் எடுத்துக்கொள்ள வேண்டாம், வேலியை அகற்றிய துணிவை எடுத்துக்கொள்ளலாம்.

பெண்கள் வரும் விகிதத்தை வைத்தே ஓர் இடம் நன்றாக இருக்கிறதா என்று சொல்லிவிடலாம் என்பதும் ஒயிட் கண்டுகொண்டதுதான். நம் ஊரிலோ பெண்களின் பாதுகாப்பைச் சொல்லித்தான் எல்லாக் கதவும் சாத்தப்படுகிறது. ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே ஆகிய மூவர் மும்பைப் பெண்களை வைத்து 2011-ல் எழுதிய ‘ஒய் லாய்ட்டர்’ என்ற நூல் இந்த நியாயத்தை அடியோடு மறுத்தது. ஏழை இளைஞர்களையும் தெருவோர வியாபாரிகளையும் விரட்டினால் பெண்களுக்குப் பாதுகாப்பு வராது. காரணமே சொல்லாமல் யாரும் சும்மா உட்கார்ந்திருக்கலாம் என்ற நிலை வந்தால்தான் பெண்ணும் உட்கார முடியும் என்பது அவர்கள் வாதம். எனக்கு இதில் சந்தேகமே இல்லை. இரவு எட்டு மணிக்குப் பேருந்திலிருந்து இறங்கும் பெண்ணுக்குத் துணை, பூட்டிய பூங்காவின் நீண்ட சுவரா, பூக்காரம்மாவும் இட்லிக்கடையும் எரியும் விளக்குமா? எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்லிவிடுவார். பூக்காரம்மாவை ஆக்கிரமிப்பு என்று அகற்றிவிட்டு அந்த இடத்தில் கண்காணிப்புக் கேமரா மாட்டுகிறோம். கேமரா பதிவு செய்யும். ஓடி வராது.

குடிகாரர்கள்? இந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்க முடியாது. பெஞ்சில் பாட்டிலோடு நான்கு பேர் உட்கார்ந்திருந்தால் குழந்தையோடு யாரும் அந்தப் பக்கம் போக மாட்டார்கள், நானும் போக மாட்டேன். ஆனால் 2003 முதல் சில்லறையில் மது விற்பது அரசின் டாஸ்மாக். விற்பது அரசு, விற்றதைக் குடித்துவிட்டு விழுந்து கிடப்பவரைக் காட்டிப் பூங்காவைப் பூட்டுவது உள்ளாட்சி, வாசலில் நிற்பது அந்தக் குடிகாரரின் மனைவியும் பிள்ளையும். பூட்டினாலும் சுவரேறிக் குதிக்க அவரால் முடியும். ஆளில்லாத இடம் அவருக்கு இன்னும் வசதி. தூங்குபவர் விஷயம் வேறு. வீடில்லாதவர் தூங்குவது குற்றமில்லை. நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஓர் இரவுக் காப்பகம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. அதை முழுமையாகச் செய்து முடிக்காத நிர்வாகம் பெஞ்சைச் சாய்ப்பதற்கு என்ன உரிமை கொண்டாட முடியும்?

இங்கே ஒரு கட்சி எழுந்து, “அந்தக் காலத்தில் பாருங்கள், திண்ணை, சத்திரம், தண்ணீர்ப் பந்தல், நம் முன்னோர் எப்படி இருந்தார்கள்” என்று ஆரம்பிக்கும். பாதி உண்மை. சுமைதாங்கிக் கல்லை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு தீரவில்லை. நட்ட இரண்டு கற்கள், மேலே படுக்கைவாட்டில் ஒன்று. தலைச்சுமையோடு நடப்பவர் குனியாமல், யார் உதவியும் கேட்காமல் பாரத்தை அதன் மேல் தள்ளிவிட்டு இளைப்பாறலாம். கிளம்பும்போது அதே உயரத்திலிருந்து தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம். கர்ப்பமாக இருந்தபோதே இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நடுவது வழக்கம். இறக்கி வைக்காமலே போன சுமைக்கு ஈடாக வேறொருவர் சுமை இறங்கட்டும் என்று. மாட்டுக்கு உடம்பு தினவெடுக்குமே என்று ஆவுரிஞ்சு கல்லும் நட்டார்கள். முகம் தெரியாத வழிப்போக்கரின் கழுத்து வலி வரை நினைத்துப் பார்த்த வடிவமைப்பு அது.

மறுபாதி உண்மை கசப்பானது. திண்ணையில் உட்காரலாம், யார் உட்காரலாம்? குளத்தில் இறங்கலாம், யார் இறங்கலாம்? வைக்கத்தில் 1924-ல் போராட்டம் நடந்தது கோயிலுக்குள் போவதற்காகக்கூட இல்லை, கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் ஒடுக்கப்பட்ட சாதியினர் நடப்பதற்காக. இதெல்லாம் பழங்கதை என்பவர்கள் மதுரை மாவட்டம் உத்தப்புரத்தை நினைக்க வேண்டும். தலித் மக்களைப் பிரித்து 1989-ல் எழுப்பிய சுவர் அங்கே 2008 மே மாதம் ஒரு பகுதி இடிக்கப்படும்வரை நின்றது. சுவரைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். அதோடு வந்த இன்னொரு சின்னச் செய்தி என்னை விட்டுப் போகவே இல்லை. தலித்துகள் பயன்படுத்தும் தெருவில் பேருந்து நிழற்குடை கட்டக் கூடாது என்று ஆதிக்க சாதியினர் எதிர்த்தார்கள். பேருந்து நிறுத்தத்தை ஒட்டியிருந்த கட்டைச்சுவரில் தலித்துகள் உட்கார்ந்துவிடாதபடி அதன் உயரத்தைக் கூட்டினார்கள்.

உட்கார முடியாதபடி ஒரு சுவரை உயர்த்துவது. உட்கார முடியாதபடி ஓர் இருக்கையைச் சாய்ப்பது. லண்டனிலிருந்து இந்தக் கலையை நாம் இறக்குமதி செய்யத் தேவையே இருந்ததில்லை. “நம்ம ஜனங்க” என்று சொல்பவர் தன்னை ஒருபோதும் அந்த ஜனங்களில் சேர்த்துக்கொள்வதில்லை. அவர் மனதில் ஓடும் முகம் குப்பத்துப் பிள்ளையுடையது, காலனிப் பையனுடையது, வடக்கிலிருந்து வேலைக்கு வந்தவனுடையது. அதனால்தான் இந்தக் கருத்தை வெறும் நிர்வாகப் பிழை என்று என்னால் விட முடியவில்லை. பொது இடத்தில் யாருடைய உடம்பு இருக்கலாம் என்று தீர்மானிக்கும் பழைய வழக்கம் இப்போது எவர்சில்வரில் வருகிறது.

கட்டடக் கலைஞர்களிடமும் பேச வேண்டும். “நாங்கள் என்ன செய்ய, கேட்டதை வரைகிறோம்” என்பார்கள். அவர்கள் கட்டணம் பெரும்பாலும் கட்டுமானச் செலவில் இத்தனை சதவீதம் என்று கணக்கிடப்படுகிறது. சுவரும் நீரூற்றும் நுழைவு வளைவும் வரைந்தால் வருமானம் கூடும். நான்கு புங்கமரமும் நாற்பது நாற்காலியும் போதும் என்று சொன்னால் குறையும். ஒரு வருடம் கழித்துப் போய், எது பயன்படுகிறது எது உடைந்திருக்கிறது என்று பார்த்துத் திருத்த ஒரு ரூபாய் ஒதுக்கீடு கிடையாது. இந்த ஒப்பந்த முறையை மாற்றச் சொல்லி அவர்களுடைய சங்கங்கள்தான் முதலில் குரல் கொடுக்க வேண்டும். இருக்கைக்கான பில் பாஸ் ஆகும் முன் பொறியாளரும் வடிவமைத்தவரும் மே மாதப் பகல் ஒரு மணிக்கு அதில் அரை மணி நேரம் உட்காரட்டும். எட்டு மாதக் கர்ப்பிணி ஒருவரையும் ஊன்றுகோல் பிடித்த ஒருவரையும் உட்காரச் சொல்லிக் கேட்கட்டும். இதைவிடக் குறைந்த செலவில் ஒரு தரப் பரிசோதனை இருக்க முடியாது.

வாசகர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளிலிருந்து தமிழ்நாட்டின் நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கத் தொடங்கியிருக்கின்றன. பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது; போகிறவர்களும் சாக்கடை, தெருவிளக்கோடு திரும்பிவிடுகிறார்கள். அவையும் வேண்டும்தான். கூடவே இவற்றையும் கேளுங்கள்: நம் பூங்காவைப் பகலில் பூட்டச் சொன்ன தீர்மானம் எது, எந்தத் தேதியில் போட்டது? கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கிறது, அவர் வராத நாளில் யாரிடம் இருக்கும்? பெஞ்சுக்கும் ஊஞ்சலுக்கும் இந்த வருடப் பராமரிப்புத் தொகை எவ்வளவு, அடுத்த வருடத்துக்கு எவ்வளவு? அங்கே வேலை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளிக்குச் சம்பளம் மாதாமாதம் போகிறதா? பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். “நம்ம ஜனங்க சரியில்லை” என்பது பதிலாக வந்தால், அதையும் சொன்னவர் பெயரோடு குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள்.